லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள், அப்புறம் என்ன பயம்?

4 ஜூன் 2025, கேள்வி (வேளச்சேரியிலிருந்து)

ஜூலை கடைசியில் ஆபீஸ் நண்பர்கள் ஒன்பது பேர் இலங்கை போகிறோம். கித்துல்கலவில் ஒரு நாள் கேன்யனிங். ஓடைக்குள்ளேயே நடந்து, பாறையில் சறுக்கி, மடுவில் குதித்து, அருவியில் கயிறு பிடித்து இறங்குவது. எங்களில் நாலு பேருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள், ஹெல்மெட் தருகிறார்கள், கூடவே வழிகாட்டி வருகிறார். அப்புறம் என்ன பயம் என்பது என் கட்சி. அம்மாதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். போய் வந்தவர்கள் அவரிடம் காட்டுகிற மாதிரி ரெண்டு வரி எழுதுங்களேன்.

4 ஜூன், இரவு 10.40

போய் வந்தவள் நான். அதே கித்துல்கல, 2024 பிப்ரவரி. ரெண்டு வரியில் அடங்காது. நான் எழுதப்போவதை அம்மாவிடம் காட்டினால் உங்கள் பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பார்.

முதலில் தேதி. இங்கே ஜூலையில் காய்கிறது என்பதால் அங்கேயும் காயும் என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் தென்மேற்குச் சரிவு மே முதல் செப்டம்பர் வரை நனைகிற இடம். கித்துல்கல அந்தச் சரிவில்தான் இருக்கிறது. நாங்கள் பிப்ரவரியில் போனது புத்திசாலித்தனத்தால் இல்லை, அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு மார்ச்சில் லீவு கிடைக்காது என்பதால்.

அடுத்தது ஜாக்கெட். மாட்டியதும் இன்னொருவரை விட்டு ரெண்டு தோள்பட்டையையும் மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தண்ணீரிலும் ஏறும். நீங்கள் கீழே, ஜாக்கெட் மேலே. எங்கள் குழுவில் ஒல்லியான பையன் ஒருவனுக்கு மூன்று ஜாக்கெட் மாற்றினார்கள்.

5 ஜூன், காலை 7.15

பஸ்ஸில் எழுதுகிறேன். நேற்று சொல்ல விட்டது.

கயிறு அறுந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் முதல் பயம். எனக்கும் அதுதான். அந்தக் கயிறு யானையையே தாங்கும், விடுங்கள். மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை. என் கதை இது: வெட்சூட் கொடுத்தார்கள். உடம்போடு ஒட்டுகிற ரப்பர் உடை. ஆபீஸ் பசங்க முன்னால் அதை மட்டும் போட்டுக்கொண்டு நிற்க 43 வயதில் கூச்சமாக இருந்தது. மேலே ஒரு பருத்திக் குர்தியைப் போட்டுக்கொண்டேன். வழிகாட்டி மலையகத்துத் தம்பி, "அக்கா, அது வேணாங்க, கழட்டிருங்க" என்றார். "உள்ளே சொருகிக்கிறேன்பா" என்றேன். பாதி அருவியில் குர்தி வெளியே வந்து, இடுப்பில் மாட்டியிருக்கும், கயிறு ஓடுகிற அந்த எட்டு வடிவ அலுமினிய வளையத்துக்குள் (எட்டு என்றே சொல்வார்கள்) போய்ச் சுருட்டிக்கொண்டது. ரெண்டு மூணு செகண்ட் தண்ணீர் தலையில் கொட்ட, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு தொங்கினேன். மேலே இருந்தவர் கயிற்றை நழுவவிட்டு என்னை அப்படியே மடுவில் இறக்கினார். கீழே இருந்தவர் குர்தியைக் கத்தியால் அறுத்தார். பாண்டி பஜாரில் பேரம் பேசி வாங்கிய குர்தி.

இப்படித்தான் எல்லா இடத்திலும் செய்வார்கள், கவலை வேண்டாம்.

5 ஜூன், இரவு

கடைசி வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோடம்பாக்கத்திலிருந்து பாறையேறும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கயிறு மேலே கட்டித்தானே இருக்கும், எப்படி நழுவவிட்டார்?" நல்ல கேள்வி. ஒன்றரை வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை.

அன்று மேலே பாறையில் அடித்த போல்ட்டில் கயிறு முடிச்சாக இல்லை. அங்கே இன்னொரு எட்டில் சுற்றிப் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டை அவிழ்த்தால் தொங்குகிறவரின் எடையோடு கயிறு மெல்ல இறங்கும். மிச்சக் கயிறு பக்கத்துப் பையில் தயாராக இருக்கும். யாராவது மாட்டிக்கொண்டால் அவர் கையால் எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

2019-இல் மும்பைப் பக்கம் சஹ்யாத்ரியில் ஒரு மழைக்கால அருவி இறக்கத்துக்குப் போயிருந்தேன். அந்தப் படங்களை இன்று தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு மரத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்கென்று ரெண்டாவது கயிறு ஒன்றை ஒருவர் பிடித்திருக்கிறார். விழுந்தால் அது தாங்கும், சரி. ஆனால் அன்று குர்தி மாட்டியிருந்தால், முக்கியக் கயிற்றிலேயே நான் பூட்டிக்கிடப்பேன். ரெண்டாவது கயிற்றால் என்னைக் கீழே இறக்க முடியாது. கத்தியோடு ஒருவர் என்னிடம் வந்துசேரும் வரை அருவிக்கு அடியில்தான்.

ஆக வேளச்சேரிக்காரர் முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்வி: "நடுவில் மாட்டிக்கொண்டால் மேலேயிருந்தே இறக்குவீர்களா?" பதில் சட்டென்று வர வேண்டும். "அதெல்லாம் மாட்டாது சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

6 ஜூன்

கோடம்பாக்கத்துக்காரர் விடவில்லை. கயிற்றின் கீழ்நுனியில் முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் நுனி தாண்டி விழுவோம் என்கிறார். காய்ந்த பாறையில் அது சரி. தண்ணீரில் இறங்கும்போது எங்களுக்கு முடிச்சே போடவில்லை. நுனி மடுவைத் தொடும் அளவுக்குத்தான் கயிறு விட்டிருந்தார்கள். இறங்கி மிதந்ததும் கயிறு தானாக எட்டிலிருந்து உருவிப்போகும். அருவி கொட்டுகிற மடுவில், முடிச்சில் சிக்கிக் கைகளால் துழாவிக்கொண்டிருப்பதை யோசித்துப் பாருங்கள். கயிறு மிச்சமாகிக் கீழே சுருண்டு கிடந்தாலும் காலில் சுற்றும். ரெண்டு பேரும் சரிதான், இடம் வேறு.

8 ஜூன், ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை. கயிறு, கயிறு என்றே போய்க்கொண்டிருக்கிறோம். 2024 மே 17 நினைவிருக்கிறதா? பழைய குற்றாலம். நல்லாக் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வராத வீடு கிடையாது. அருவிக்கரையில் என்றால் பக்கவாட்டில் ஓடலாம். கேன்யனிங் போகிற ஓடையோ ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நாலு ஆள் அகலம்கூட இருக்காது. தண்ணீர் பரவ இடமில்லாததால் மேலேதான் ஏறும்.

கேன்யனிங்கின் மிக மோசமான நாள் ஸ்விட்சர்லாந்தில், இன்டர்லாக்கன் பக்கத்து சாக்ஸ்டன் ஓடையில், 1999 ஜூலை 27. மேலே இடிமழை. ஓடைக்குள் சுற்றுலாக் குழுக்கள். 21 பேர் இறந்தார்கள். அதில் 3 பேர் வழிகாட்டிகள். அந்த எண்ணிக்கையைப் படித்த அன்றுதான் "கூடவே வழிகாட்டி வருகிறார்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உறைத்தது. அவரும் அதே தண்ணீரில்தான் நிற்கிறார். நிறுவனத்தைச் சேர்ந்த 6 பேரை 2001-இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. கேன்யனிங் மாதிரி ஆபத்தான வேலைகளை நடத்த உரிமம் வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2014-இல். நடுவில் எத்தனை வருஷம் பாருங்கள்.

இதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: காட்டாறு. பெய்வது ஒரு இடம், அடிப்பது இன்னொரு இடம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மலை உச்சிப் பக்கம் கறுத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எங்கள் வழிகாட்டி ஒரு மடுவில் நிறுத்தி, தெளிந்த தண்ணீருக்கு அடியில் தெரிந்த கூழாங்கல்லைக் காட்டினார். "இந்தக் கல்லு தெரியாமப் போச்சுன்னா நான் விசில் அடிப்பேன். என்ன ஏதுன்னு கேக்காம அந்த வேரைப் புடிச்சி ஏறிருங்க" என்றார். தண்ணீர் டீ நிறமாவது, இலையும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, சத்தம் கனப்பது, மண்வாசனை, இவை அடையாளங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது சில நிமிடங்களாக இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். அதனால் அவர் வேரைக் காட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு மடுவிலும் எங்கே ஏறுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏற வழியே இல்லாத நீண்ட இடுக்கு ஒன்று வந்தபோது, அங்கே மட்டும் யாரையும் படமெடுக்க நிற்கவிடவில்லை.

8 ஜூன், அப்புறம்

விசில் என்றதும் ஞாபகம். அருவிச் சத்தத்தில் கத்தினால் காதில் விழாது. எத்தனை விசிலுக்கு என்ன பொருள் என்பது குழுவுக்குக் குழு மாறும். ஏறுவதற்கு முன்பே கேட்டு, திருப்பிச் சொல்லிக்காட்டுங்கள். கையைத் தலை உச்சியில் வைத்தால் "நல்லா இருக்கேன்" என்று பொருள். எங்கள் ஆபீஸில் இப்போதும் மீட்டிங் முடிந்து வெளியே வருகிறவர்கள் இப்படித்தான் காட்டுகிறார்கள்.

11 ஜூன்

சின்னச் சின்னதாக.

தாலிக்கொடி, மெட்டி, மோதிரம், கையில் கட்டிய சாமிக் கயிறு: எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். கழற்ற மாட்டேன் என்ற தோழி, தாலியை வெட்சூட்டுக்குள் ஜிப்புக்கு அடியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டாள். அது பரவாயில்லை. ஜடையை வெளியே விடக் கூடாது. குர்தி போன வழியில்தான் முடியும் போகும், முடியைக் கத்தியால் அறுப்பதில் குறி தப்பலாம். கொண்டை போட்டால் ஹெல்மெட் ஏறாது. ரெண்டாகப் பிரித்துத் தாழப் பின்னி, வெட்சூட் கழுத்துக்குள் சொருகுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் எலாஸ்டிக் கட்டிக்கொள்ளுங்கள். நான் பாவாடை நாடாவால் கட்டினேன். நாடா நின்றது, கண்ணாடியும் நின்றது.

செருப்பு வேண்டவே வேண்டாம். கால்விரல் மூடிய, லேஸ் கட்டுகிற ஷூ. ஓடுகிற தண்ணீரில் தடுக்கினால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கால் ரெண்டு கல்லுக்கு நடுவில் மாட்டினால் பின்னால் வருகிற தண்ணீர் உங்களை முன்னுக்குக் கவிழ்க்கும். மல்லாந்து, கால் முன்னே, ஆழம் குறையும் வரை மிதந்து போங்கள்.

15 ஜூன்

கொரட்டூர்க்காரர் எழுதுகிறார்: "நான் கிணற்றில் குதித்து வளர்ந்தவன். இதெல்லாம் எனக்குச் சின்ன விஷயம்."

ஐயா, நானும்தான். செய்யாறு பக்கம் சித்தி ஊர்க் கிணற்றில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்தவள். அந்தப் பழக்கம்தான் அங்கே காலை வாரும். கிணற்றின் ஆழம் நமக்கு வருஷக்கணக்காகத் தெரியும். ஓடை மடு அப்படி இல்லை. நேற்று வந்த வெள்ளத்தில் இன்று ஒரு கல் உருண்டு வந்து உட்கார்ந்திருக்கும், ஒரு மரம் படுத்திருக்கும். போன வாரம் நூறு பேர் குதித்த இடம் என்பது சான்று ஆகாது. எங்களுக்கு முன்னால் வழிகாட்டி ஒவ்வொரு மடுவிலும் இறங்கிக் காலால் துழாவிவிட்டுத்தான் "வாங்க" என்றார்.

தலைகீழ் டைவ் கிடையவே கிடையாது. கால் சேர்த்து, முட்டியை லேசாக விட்டுக்கொடுத்து, கையை மார்போடு கட்டி, நேராக. 5 மீட்டரிலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். 10 மீட்டர் என்றால் 50. கையை விரித்துக்கொண்டு விழுந்த எங்கள் பையனுக்குக் கக்கத்திலிருந்து முழங்கை வரை செக்கச் செவேல். சறுக்கும்போதும் அப்படித்தான், முழங்கை வெளியே நீட்டினால் பாறை வாங்கிக்கொள்ளும்.

குதிக்கப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இறங்கும் வழியோ கயிறோ இருக்கும், அதையும் முன்னாலேயே கேளுங்கள். எங்கள் கூட்டம் ஒரு பெண்ணைச் சூழ்ந்து "ஒன், டூ, த்ரீ" சொன்னது. வழிகாட்டி வந்து எங்களை அதட்டிவிட்டு, அவளைக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இறக்கினார். த்ரீ சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

17 ஜூன்

அருவி மடுவின் வெள்ளை நுரை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நுரையில் பாதி காற்று. அதில் ஜாக்கெட்டும் முழுசாகத் தாங்காது. கொட்டுகிற இடத்தில் தண்ணீர் உள்ளே இழுத்து, மறுபடி அருவிக்கே கொண்டுவந்து விடும். சுழி என்று நம்மூரில் சொல்வதுதான், படுத்துக்கொண்டு சுற்றுகிற சுழி. எதிர்த்து நேராக நீந்தாமல் பக்கவாட்டில் வெளியேறச் சொன்னார்கள். எனக்கு அனுபவம் இல்லை, கேட்டதைச் சொல்கிறேன்.

21 ஜூன்

நாகலாபுரத்துக்கே போகலாமே, பாஸ்போர்ட் வேண்டாம், ரெண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார் பெரம்பூர்க்காரர். தடா அருவியையும் சேர்த்துச் சொல்கிறார். அழகான இடங்கள், நானும் போயிருக்கிறேன். தடா அருவிக்கு உப்பலமடுகு என்று பெயர். தெலுங்கு மடுகுதான் நம் மடு. பெயரிலேயே ஆழம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அங்கே நாம் போவது கயிறோ ஹெல்மெட்டோ இல்லாத மலையேற்றமாக, நீச்சல் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில். அதை கேன்யனிங்கைவிடப் பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, சென்னையில் பணம் வாங்குகிறவர் ஒருவர், ஓடையில் கயிறு கட்டுகிறவர் வேறொருவர். நாம் கேள்வி கேட்பது முதல் ஆளிடம். அவருக்குக் கயிறு தெரியாது, ஆட்கணக்குதான் தெரியும். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது நமக்கு இது புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறையே 40 பாதைகளை இணையத்தில் பதிவுசெய்து போகிற மாதிரி திறந்தது. அவை நடந்து ஏறும் பாதைகள். அருவி இறக்கத்துக்கு நாமேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும். கித்துல்கல வழிகாட்டியின் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசுங்கள். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே உண்டு.

பயணக் காப்பீடு எடுத்தீர்களா? சாகச விளையாட்டு சேராது என்று உள்ளே பொடி எழுத்தில் இருக்கலாம், தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

22 ஜூன், அதிகாலை

தூக்கம் வரவில்லை. 5-ஆம் தேதி குர்திக் கதையைக் காமெடியாக எழுதினேன். நிறைய பேர் சிரித்திருக்கிறீர்கள். நேற்று என் தம்பி பையன் "அத்தை, அந்த வீடியோ காட்டுங்க" என்றான். ஹெல்மெட் கேமராவில் ஒருவர் எடுத்தது. முதல் தடவையாகக் கடைசி வரை பார்த்தேன்.

ரெண்டு மூணு செகண்ட் இல்லை. 38 செகண்ட். வீடியோவிலேயே ஓடுகிறது. என் வலது கை எட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது, அது இன்னும் இறுகுகிறது. பத்தாவது செகண்டில் நான் முகத்தை மேலே தூக்குகிறேன், காற்றுக்காக. தண்ணீர் நேரே வாயில். கீழேயிருந்து அந்தத் தம்பி தன் தாடையை நெஞ்சில் குத்திக்குத்திக் காட்டுகிறார். தலையைக் குனி என்கிறார். குனிந்ததும் ஹெல்மெட் விளிம்புக்கு அடியில் ஒரு கைப்பிடி காற்று கிடைத்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். மூக்குக்கு முன்னால் அந்த இடம், தண்ணீர்த் திரைக்கு உள்பக்கம், பாறையில் பச்சைப் பாசி.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

29 ஜூன்

மறந்த விஷயம்: காய்ச்சல். திரும்பி வந்த ஒன்பதாம் நாள் எங்களில் ஒருவருக்கு நல்ல ஜுரம், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. டெங்கு என்று நினைத்தார்கள். ஓடையில் நாள் முழுக்க ஊறியதை அவர் டாக்டரிடம் சொல்லவே இல்லை. மனைவி சொன்ன பிறகு எலிக்காய்ச்சலுக்குச் சோதித்தார்கள், அதுதான். மாத்திரையில் சரியானது. ஒரு மாதத்துக்குள் ஜுரம் வந்தால் "ஆத்துத் தண்ணியில் இருந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காலில் சிராய்ப்பு இருந்தால் முன்பே மூடிவிட்டு இறங்குங்கள். அட்டைக்கடி வேறு, அது அரிப்போடு போய்விடும்.

13 ஜூலை

வேளச்சேரிக்காரர் தேதியை மாற்ற முடியவில்லையாம், டிக்கெட் போட்டாயிற்று. சரி. அப்படியானால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதியதில் நான் நல்லவளாகவே வருகிறேன்.

அன்று மதியம் ரெண்டரைக்கு முடித்துவிட்டோம். எல்லோருக்கும் வெறி பிடித்த மாதிரி உற்சாகம். மேல் ஓடையையும் செய்யலாம், காசு கட்டியிருக்கிறோம், அதுவும் சேர்ந்ததுதான் என்றோம். வழிகாட்டி மலையைப் பார்த்தார். "வேணாங்க, மேல மூட்டமா இருக்கு" என்றார். எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்று வெயில். அரை மணி நேரம் வாக்குவாதம். ஒருவர் சென்னை ஏஜென்டுக்கு போன் போட்டார். ஏஜென்ட் வழிகாட்டியிடம் என்ன சொன்னாரோ, அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். மழை வந்ததா என்றால், எங்கள் அறை வரை வரவில்லை. மேலே பெய்ததா, தெரியாது.

அன்று இரவு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே எல்லோரும் இணையத்தில் மதிப்பீடு போட்டோம். நானும் போட்டேன். மேல் ஓடை இல்லாததற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தேன். காலையில் அருவியில் எனக்குக் கைகொடுத்த அதே ஆளுக்கு.

கிளம்புகிற அன்று அவர் மலையைப் பார்த்து யோசித்தால், உங்கள் ஒன்பது பேரில் யார் முதலில் "காசு கட்டியிருக்கோம்" என்பார் என்று இப்போதே ஊகித்து, அவரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள்.

2 ஆகஸ்ட்

வேளச்சேரிக்காரர் வந்துவிட்டார். ஒன்பது பேரும் முழுசாக. மூன்று நாள் மழையாம். வழிகாட்டி கீழ் ஓடையில் நாலு மடு மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிட்டார், பெரிய அருவி கிடையாது என்றுவிட்டார். மூன்று பேர் பாதிப் பணம் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் இங்கே கேட்பது, ஷூ நாற்றம் எப்படிப் போகும் என்று.

உள்ளே தினத்தாளைத் திணித்து மொட்டை மாடியில் ரெண்டு நாள் போடுங்கள். நேர் வெயிலில் வேண்டாம், அடிப்பாகம் பிய்ந்துவிடும். வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டுவிடுங்கள். என்னுடையதைத் திருத்தலாம் என்று பார்த்தால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டது. இன்று மூன்றாவது தடவையாக முயற்சி செய்து பூட்டிக்கொண்டது.